புழு கற்றுத்தந்த வழி, மீன்கொத்தி தந்த மூக்கு

இயற்கையே நமக்கு ஆசான் என்று மேடையில் பேசுவது எளிது. கேட்பவர்களும் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு பொறியாளர் அந்த ஆசானிடம் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது, அந்தப் பதிலை இரும்பிலும் செங்கல்லிலும் கொண்டுவர எத்தனை பாடுபட்டார் என்று விவரமாகச் சொல்பவர்கள் குறைவு. ரயில்வேயில் சிவில் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குப் பழக்கமான துறையிலிருந்தே இரண்டு உதாரணங்களை நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் சுரங்கப் பாதைகளைப் பற்றியவை. ஒன்றில் ஆசான் ஒரு புழு. மற்றொன்றில் ஒரு பறவை. மும்பையில் வாழும் நமக்கு இரண்டுமே இப்போது நெருங்கிய சங்கதிகள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரத்தைத் தின்னும் ஆசான்

மரக்கப்பல்கள் ஓடிய காலத்தில் மாலுமிகள் புயலுக்குப் பயந்த அளவுக்கு ஓர் அற்பப் பிராணிக்கும் பயந்தார்கள். அதுதான் கப்பல் புழு. புழு என்கிறோமே தவிர, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. நீண்ட மெல்லிய உடலின் தலைப்பக்கத்தில் மட்டும் இரண்டு சிறிய ஓடுகள் உண்டு. அவற்றின் விளிம்பு அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். இந்த ஓடுகளை அசைத்து அசைத்து மரத்தைச் சுரண்டியபடியே அது உள்ளே போகும். சுரண்டிய மரத்தூள் அதன் வாய்க்குள் போய்விடும். பின்னால் விட்டுச் செல்லும் துளையின் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றையும் பூசிக்கொண்டே போகும். நீரில் ஊறி உப்பும் மரம் அதன் மெல்லிய உடலை நசுக்கிவிடாமல் காப்பது இந்தப் பூச்சுதான்.

இங்கிலாந்தில் குடியேறிய பிரெஞ்சுக்காரரான மார்க் பிரூனல் என்ற பொறியாளர், சாத்தம் கப்பல் தளத்தில் கிடந்த பழைய மரத்துண்டில் இந்தப் புழுவின் வேலையைக் கவனித்தார். அப்போது லண்டன் பொறியாளர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. தேம்ஸ் நதிக்கு அடியில் வழி வெட்ட வேண்டும். ஆனால் ஆற்றடி மண்ணோ ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தது. தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்தது. முன்பு முயன்றவர்கள் கைவிட்டுப் போயிருந்தார்கள்.

புழுவிடம் பிரூனல் கண்டது மூன்று விஷயங்கள். தோண்டுகிற முகப்பை ஒரு கெட்டியான கவசம் காக்கிறது. ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் சுரண்டப்படுகிறது. சுரண்டிய இடத்தை வெறுமனே விடாமல் உடனுக்குடன் சுவர் எழுப்பப்படுகிறது. இந்த மூன்றையும் சேர்த்து அவர் 1818-இல் 'ஷீல்டு' என்ற கவச யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்.

1825-இல் தேம்ஸ் வேலை தொடங்கியது. 12 இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள், ஆக 36 அறைகள். அறைக்கு ஒரு தொழிலாளி. அவர் எதிரே உள்ள மண்ணைப் பலகைகள் தாங்கி நிற்கும். ஒரு பலகையை எடுத்து, பின்னால் உள்ள மண்ணைச் சில அங்குலம் மட்டும் வெட்டி, பலகையை முன்னே தள்ளி முட்டுக் கொடுப்பார். பிறகு அடுத்த பலகை. எல்லாம் முடிந்ததும் ஜாக்கியால் சட்டத்தையே முன்னே நகர்த்துவார்கள். பின்னால் நிற்கும் கொத்தனார்கள் உடனே செங்கல் வளைவைக் கட்டிவிடுவார்கள். புழுவின் ஓடுதான் இந்தச் சட்டம். புழுவின் சுண்ணாம்புப் பூச்சுதான் இந்தச் செங்கல் வளைவு.

புழுவுக்கு இல்லாத கஷ்டம்

கதை இத்துடன் சுபமாக முடிந்திருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. 1827 மே மாதம் ஆறு உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மறுபடியும் புகுந்தபோது ஆறு பேர் இறந்தார்கள். பிரூனலின் மகன் இசம்பார்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மயிரிழையில் பிழைத்தார். பின்னாளில் இங்கிலாந்தின் மிகப் பெரிய ரயில்வே பொறியாளர் என்று பெயர் வாங்கியவர் அவரேதான். பணம் தீர்ந்து வேலை ஏழு ஆண்டுகள் நின்றுபோனது. மீண்டும் தொடங்கியபோதும் சாக்கடை கலந்த நீர் கசிந்தது. விஷ வாயு தீப்பற்றியது. தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். 1843 மார்ச் 25-ஆம் தேதிதான் பாதை திறக்கப்பட்டது. சுமார் 400 மீட்டர் நீளத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள்!

புழுவின் முறை தவறா? இல்லை. புழுவுக்கு வாய்த்தது ஒரே சீரான மரம். பிரூனலுக்கு வாய்த்தது ஓர் அடிக்கு ஓர் அடி மாறும் மண். களிமண் இருக்கும் என்று நம்பிய இடத்தில் சரளை வந்தது. முறையை இயற்கையிடம் கற்கலாம். ஆனால் நம் மண்ணை நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சிவில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் இது புரியும்.

ஆனாலும் அந்த முறை நிலைத்துவிட்டது. 1869-இல் ஜேம்ஸ் கிரேட்ஹெட் என்பவர் வட்ட வடிவக் கவசம் செய்து, செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்தி, மறுபடியும் தேம்ஸுக்கு அடியிலேயே ஒரு பாதை போட்டார். அதே 1869 டிசம்பரில் பிரூனலின் பழைய சுரங்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. இப்போது சென்னையிலும் டில்லியிலும் மும்பையிலும் மெட்ரோவுக்காக மண்ணைக் குடைந்த ராட்சத யந்திரங்கள் எல்லாம் இந்த வம்சம்தான். முகப்பில் சுழலும் வெட்டுச் சக்கரம், அதைச் சுற்றி எஃகுக் கவசம், பின்னாலேயே கான்கிரீட் வளையம். 2024 மார்ச்சில் கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதே, அந்த 520 மீட்டரும் புழு காட்டிய வழியில் வெட்டியதுதான்.

காற்று என்ற பிஸ்டன்

சுரங்கம் வெட்டியாகிவிட்டது. இனி அதற்குள் ரயில் ஓட வேண்டும். இங்கே வேறொரு சிக்கல்.

மலைப் பாதையில் டன்னல் பராமரிப்பு வேலையில் இருந்தபோது, ரயில் வரும் சமயத்தில் சுவரில் குடைந்திருக்கும் மாடத்தில் ஒதுங்கி நிற்போம். வண்டி நெருங்கும் முன்பே காற்று வந்து முகத்தில் மோதும். வண்டி கடந்ததும் அதே காற்று நம்மைப் பின்னால் இழுக்கும். தலையில் கட்டிய துண்டைக் கையால் பிடித்துக்கொள்ளாத கேங்மேன் கிடையாது. பார்சிக் குகை வழியாகவோ போர் காட் வழியாகவோ போனவர்களும் ஜன்னலோரத்தில் இதை உணர்ந்திருப்பார்கள். சைக்கிள் பம்புக்குள் பிஸ்டன் போவது போலத்தான் குகைக்குள் ரயில் போகிறது.

நம்முடைய வேகத்தில் இது வெறும் காற்று. மணிக்கு 250, 300 கிலோமீட்டர் வேகத்தில் இதுவே வெடிச் சத்தம். அந்த வேகத்தில் வண்டி வாய்க்குள் நுழைந்ததும் முன்னால் உள்ள காற்று சட்டென்று அமுங்குகிறது. அந்த அழுத்தம் அலையாக மாறி ஒலியின் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 1,200 கிலோமீட்டர் வேகத்தில், ரயிலை முந்திக்கொண்டு ஓடுகிறது. மறுவாயில் வெளிவரும்போது 'டமார்' என்று சத்தம். சுற்றியுள்ள வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். வேகம் இரு மடங்கானால் இந்த அதிர்ச்சி எட்டு மடங்காகும். இன்னொரு விஷயம்: ஜல்லி போட்ட பாதையில் ஜல்லிக் கற்கள் அழுத்த அலையை ஓரளவு உறிஞ்சிவிடும். கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம் போட்ட நீண்ட குகையிலோ, அலை போகப் போகக் கூர்மையாகும்.

ஜப்பானில் ஷின் ஒசாகாவிலிருந்து ஹகாட்டா வரை 1975-இல் முடிந்த ஷின்கான்சென் பாதையில் ஏறக்குறைய பாதித் தூரம் குகைகள்தான். அங்கே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று 1990 வாக்கில் மேற்கு ஜப்பான் ரயில்வே நினைத்தது. குடியிருப்புப் பகுதிகளில் ஷின்கான்சென் சத்தம் 70 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அந்நாட்டு அரசு வகுத்த அளவு. ரயில் சீக்கிரம் போக வேண்டும் என்பது பயணியின் ஆசை. ராத்தூக்கம் கெடக்கூடாது என்பது குகைவாயில் குடியிருப்பவரின் உரிமை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பொறியாளர்.

நீரில் பாயும் மூக்கு

சோதனை ஓட்டப் பொறுப்பில் இருந்தவர் எய்ஜி நகாட்சு. ஓய்வு நேரத்தில் பறவைகளைப் பார்ப்பது அவருடைய பழக்கம். குகைக்குள் நுழையும்போது ரயிலே சுருங்குவது போல இருக்கிறது என்று இளம் பொறியாளர் ஒருவர் அவரிடம் சொன்னார். அப்போது நகாட்சு தமக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: தடை குறைந்த இடத்திலிருந்து தடை மிகுந்த இடத்துக்குத் திடீரென்று நுழைவதையே அன்றாடப் பிழைப்பாக வைத்திருக்கும் பிராணி எது?

மீன்கொத்தி! காற்றிலிருந்து தண்ணீருக்குள் தலைகீழாகப் பாய்கிறது. தண்ணீர் அதிகம் தெறிப்பதில்லை. தெறித்தால் மீன் ஓடிவிடும், அன்றைக்குப் பட்டினி. அதன் அலகு நுனியில் கூர்மையாகத் தொடங்கிப் பின்னோக்கிச் சிறிது சிறிதாகப் பருக்கிறது. ஆகவே தண்ணீர் ஒரேயடியாகத் தள்ளப்படாமல் படிப்படியாக விலகி வழி விடுகிறது.

பறவையைப் பார்த்தார்கள், ரயிலைச் செதுக்கினார்கள் என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். நடந்தது அப்படியல்ல. பல வடிவங்களில் சிறு குண்டுகள் செய்து, குழாய்க்குள் சுட்டு, அழுத்த அலையை அளந்தார்கள். கணிப்பொறியிலும் கணக்குப் போட்டார்கள். எல்லாவற்றிலும் சிறந்ததாக வந்த வடிவம் மீன்கொத்தியின் அலகை அப்படியே ஒத்திருந்தது. பறவை கொடுத்தது ஊகம். அளவீடு கொடுத்தது நிச்சயம். 1997 மார்ச்சில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு மட்டும் 15 மீட்டர்! முந்தைய வண்டியைவிட அழுத்தம் 30 சதவீதமும் மின்செலவு 15 சதவீதமும் குறைந்தன. வேகமோ மணிக்கு 270-லிருந்து 300 ஆனது.

கூரைமேல் மின்சாரம் வாங்கும் பாண்டோகிராஃபும் காற்றைக் கிழித்துச் சத்தம் போட்டது. அதற்கு ஆந்தை உதவியது. ஆந்தைச் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற இழைகள் உண்டு. அவை காற்றின் பெரிய சுழல்களைச் சிறு சுழல்களாக உடைத்துவிடுவதால்தான் ஆந்தை ஓசையின்றிப் பறக்கிறது. பாண்டோகிராஃபின் தாங்கு கம்பத்தில் சிறு பற்கள் போன்ற புடைப்புகளை வைத்துச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. நீண்ட மூக்கால் முனைப் பெட்டிகளில் இருக்கைகள் குறைந்தன. அவற்றில் முன்பக்கக் கதவுக்கு இடமில்லை. உடல் உருண்டையானதால் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குத் தோளருகே இடுக்கலாயிற்று. 1999-இல் வந்த 700 வரிசையில் வாத்தின் அலகு போன்ற குட்டையான வேறு மூக்கு வந்துவிட்டது. 2010-இல் 500 வரிசை முதல்தர விரைவு ஓட்டங்களிலிருந்து விலக்கப்பட்டது. மீன்கொத்தி பயணிகளை ஏற்றிச் செல்வதில்லையே! அதற்கு மீன் கிடைத்தால் போதும். நமக்கோ இருக்கை வேண்டும், கதவு வேண்டும், வரவுசெலவுக் கணக்கும் சரிக்கட்ட வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இனி ஆரம்பத்தில் சொன்ன விஷயம். மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் பாதை 508 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டு வருகிறது. இதில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் சுரங்கம். அதில் 7 கிலோமீட்டர் தாணே க்ரீக்குக்கு அடியில். இதில் பெரும்பகுதியை 13 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கவச யந்திரத்தால் குடைவதாகத் திட்டம். பார்சிக் மலைக்கு அடியில் பாதை 114 மீட்டர் ஆழம் வரை போகிறது. அங்கே மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்கான பாதை. ஆகவே புழுவின் பாடமும் மீன்கொத்தியின் பாடமும் முலுண்டிலும் ஐரோலியிலும் வாழும் நம் குடும்பங்களின் பக்கத்திலேயே பரீட்சைக்கு வருகின்றன.

க்ரீக்கின் மேலே பாலம் கட்டாமல் அடியில் போவதற்கு ஒரு காரணம், அங்குள்ள அலையாத்திக் காடும் பூநாரைகளும் கெடக்கூடாது என்பது. 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. கப்பல் புழு இனங்கள் இயல்பாக வாழ்வது கடலோரச் சதுப்புகளில் விழுந்து கிடக்கும் அலையாத்தி மரங்களில்தான். மீன்கொத்தி உட்கார்ந்து மீனைக் குறிவைப்பதும் அதே மரங்களின் கிளையில்தான். குப்பையைக் கொட்டியும் மண்ணை நிரப்பியும் இந்தச் சதுப்பு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப்படுவதை ரயிலில் போகும்போது பார்க்கிறோம். நமக்குப் பாடம் சொன்ன ஆசான்களின் வீட்டையே இடித்துவிட்டு, அடுத்த பாடத்துக்கு யாரிடம் போவது?

நம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வுக்காக இரவு பகலாகப் படிக்கிறார்கள், படிக்கட்டும். ஆனால் நவம்பரிலிருந்து மே வரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர் வற்றும் நேரம் பார்த்து, அவர்களை ஐரோலிப் பக்கம் க்ரீக் ஓரம் அழைத்துப் போங்கள். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை எப்படி வடிகட்டுகிறது என்று காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.