மழைநாளில் போரோபுதூர்

ஜாவாத் தீவின் மத்தியில், யோக்யகர்த்தா நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் விளங்கும் போரோபுதூர் என்னும் பௌத்த மகாஸ்தூபியைத் தரிசிக்க வரும் யாத்ரிகர்களில் பலர், வானம் கறுத்துவிட்டால் மனம் சோர்ந்து விடுதியிலேயே பொழுதைப் போக்கிவிடுகிறார்கள். மெராபி எரிமலையின் சிகரமும் புகழ்பெற்ற சூரியோதயக் காட்சியும் அன்று மேகத்தில் மறைந்துபோகும் என்பது மெய்தான். ஆயினும் அதை நிர்மாணித்த ஸ்தபதிகளின் மதிநுட்பத்தில் ஒரு பெரும்பகுதி, மழை பெய்யும்போதுதான் கண்ணுக்குப் புலனாகிறது என்பது, ஜனவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் குடையும் நனைந்த உடையுமாக அதைச் சுற்றிவந்த எனக்கு உறுதியாகப் பட்டது.

சைலேந்திர மன்னர்களின் காலத்தில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், இயற்கையாக அமைந்த ஒரு குன்றைப் போர்த்தாற்போல், சாந்து ஏதுமின்றி எரிமலைக் கற்களை ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய நிர்மாணம் இது. கீழே சதுரமான அடுக்குகள். மேலே வட்டமான மூன்று மேடைகளும், அவற்றில் 72 சிறு ஸ்தூபிகளும், உச்சியில் பெரிய ஸ்தூபியும். பக்தர்கள் பிரதட்சிணமாக வரும் பிராகாரங்களின் இருபுறமும் புத்தர்பிரானின் சரித்திரமும் ஜாதகக் கதைகளும் செதுக்கப்பட்ட சுவர்கள் உயர்ந்து நிற்பதால், பெய்த நீர் வெளியேற வழியில்லாவிடில் ஒவ்வொரு பிராகாரமும் குளமாகிவிடும். அதை முன்னரே சிந்தித்த அந்தச் சிற்பிகள், மூலைகள்தோறும் மகர முகமும் பூத முகமும் கொண்ட நீர்த்தாரைகளை, ஏறக்குறைய 100 எண்ணிக்கையில் அமைத்தார்கள். வெயில் நாளில் வெறும் அலங்காரமாகத் தோன்றும் அந்த முகங்கள், மழை வலுத்தவுடன் வாய் திறந்து நீரை உமிழ்ந்து அடுத்த அடுக்குக்கு இறக்கிவிடுகின்றன. உபயோகத்தையும் சௌந்தரியத்தையும் பிரிக்காத அந்தக் கலையுள்ளத்தை எத்தனை போற்றினாலும் தகும்!

ஆனால் அந்த மழையே பின்னாளில் இதற்குப் பரம சத்துருவும் ஆயிற்று. பல நூற்றாண்டுகள் பராமரிப்பாரின்றிக் காடு மண்டிக் கிடந்து, 1814இல் ஆங்கிலேய ஆளுநர் ராஃபிள்ஸ் அனுப்பியவர்களால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த இந்தச் சின்னத்தின் கல்லிடுக்குகள் வழியே இறங்கிய நீர், உள்ளிருந்த மண்குன்றை ஊறவைத்துச் சரியச் செய்ததால் சுவர்கள் சாய்ந்தன. ஈரத்தில் பாசி படர்ந்து சிற்பங்கள் சிதைந்தன. வான் எர்ப் என்னும் டச்சுப் பொறியாளர் 1907 முதல் 1911 வரை செய்த ஜீர்ணோத்தாரணம் பெரும்பாலும் மேல்மேடைகளோடு நின்றதால், உள்ளே இருந்த நோய் தீரவில்லை. பின்னர் 1975இல் இந்தோனேசிய அரசாங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து, சதுர அடுக்குகளின் கற்களைப் பத்து லட்சத்துக்கும் மேலாகப் பெயர்த்தெடுத்து, உள்ளே நீர் கசியாத தளங்களையும் வடிகால்களையும் பதித்து, ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்திலேயே மீண்டும் வைத்து, 1982இல் அப்பணியை முடித்தன.

நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். மேலே ஏற, முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற்று, அவர்கள் தரும் பாதரட்சையை அணிய வேண்டும். நனைந்த படிகள் வழுக்கும் என்பதால் அவசரம் கூடாது. பயணத் தேதியில் மழை குறுக்கிட்டால், அன்பர்களே, திரும்பிவிடாதீர்கள். குடையோடு சென்று, முதலில் அந்த மகர முகங்களைப் பாருங்கள்.