கடல் வற்றவில்லை, நிலம் எழுகிறது

சரக்கு ஏற்றினால் படகு நீரில் அமிழும். இறக்கினால் மேலே வரும். நாம் நிற்கும் நிலமும் அப்படித்தான் என்றால் நம்ப முடிகிறதா?

பூமியின் மேலோடு, தன்னைவிட அடர்த்தி மிகுந்த அடிப்பாறையின்மேல் மிதக்கிறது. அந்தப் பாறை திடமானதுதான். ஆனாலும், பல்லாயிரம் ஆண்டுப் பாரத்திற்குக் கெட்டிப் பாகுபோல் மெல்ல விலகிக் கொடுக்கும். மலை நிற்கும் இடத்தில் மேலோடு வேர்போல் ஆழமாக இறங்கி அதைத் தாங்குகிறது. கண்டங்களில் சராசரியாக 35 கிலோமீட்டர் தடிப்புள்ள மேலோடு, இமயமலையின் அடியில் 70 கிலோமீட்டரை எட்டுகிறது. இந்தச் சமநிலைக்கு 'ஐசோஸ்டசி' என்று பெயர்.

பாரம் நீங்கினால் என்ன ஆகும்? சுவீடனைப் பாருங்கள். பனியுகத்தில் அங்கே சுமார் 3 கிலோமீட்டர் தடித்த பனிப்பாளம் நிலத்தை அழுத்தியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகியது. நிலமோ இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. பொத்னியா வளைகுடாக் கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்!

சிறிய அளவுதான். ஆனால், 1621-இல் உருவான லூலியோ நகரின் துறைமுகம் ஆழம் குறைந்து, கப்பல்கள் வர முடியாமல் போயிற்று. 1649-இல் நகரையே இடம் மாற்ற நேர்ந்தது.

வெப்ப அளவைக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731-இல் கடல்மட்டத்தை ஒரு பாறையில் செதுக்கிக் குறித்தார். கடல்நீர் குறைகிறது என்பது அவர் எண்ணம். அந்தக் குறி இன்று நீருக்கு ஏறத்தாழ 2 மீட்டர் மேலே நிற்கிறது. உண்மையில் உயர்ந்தது நிலம்தான்.

கிரீன்லாந்தில் இப்போது பனி உருகும் கரைகளிலும் நிலம் எழுவதைத் துணைக்கோள அளவீடுகள் காட்டுகின்றன. கடல்மட்டத்தை அளப்போர் இந்த அசைவையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.