வெளிநாட்டில் ஆங்கிலப் பள்ளி: தேர்வுக்கு முன் சில செய்திகள்

பெங்களூருவிலிருந்து மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்களுள் ஒரு சாரார், பல்கலைக்கழகத்தில் சேருமுன் அங்குள்ள தனியார் ஆங்கில மொழிப் பள்ளியொன்றில் சில மாதங்கள் பயில எண்ணுகின்றனர். இவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ பயின்றவர்களும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பல ஆண்டுகள் படித்தவர்களே. எழுதும்போது அவ்வளவாகப் பிழை நேர்வதில்லை. விரைவான பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், தயங்காமல் மறுமொழி கூறுவதிலுமே இடர்ப்படுகின்றனர். இக்குறையைக் கவனிக்காத பள்ளியில் சேர்ந்தால், உள்ளூரில் கற்ற இலக்கணத்தையே அயல்நாட்டு விலை கொடுத்து மறுபடியும் கற்க நேரிடும்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற தேர்வில் தேறுவது மட்டுமே நோக்கமாயின், கடல் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கான பயிற்சியும் தேர்வும் பெங்களூருவிலேயே கிடைக்கின்றன.

பெங்களூரு தரும் அளவுகோல்

ஒரு வகுப்பு நல்ல வகுப்பா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தென் மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக 1963-ஆம் ஆண்டில் பெங்களூருவில் வட்டார ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தின் துணையோடு, பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை ஒரு சோதனையை நடத்தினார். பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளே சோதனைக் களங்கள். மொழியியல் உலகில் இது 'பெங்களூர்த் திட்டம்' என்றே வழங்குகிறது.

அவ்வகுப்புகளில் இலக்கண விதிகள் பாடமாக வைக்கப்படவில்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் குறித்த நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம், வரைபடத்தில் எவ்வழி குறுகியது என்பன போன்ற கணக்குகளையே ஆசிரியர் கொடுத்தார். முதலில் ஒரு கணக்கை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆராயும்; பின்னர் அதையொத்த மற்றொன்றை ஒவ்வொரு மாணவரும் தனியே செய்வார். மாணவர்களில் பாதிப் பேராவது பாதியளவுக்கேனும் சரியாகச் செய்தால், அப்பணி அவர்களது தகுதிக்கு ஏற்றது எனக் கொள்ளப்பட்டது. பொருளில் மனம் ஊன்றும்போது மொழியின் வடிவம் தானே படியும் என்பது பிரபுவின் கருத்து. 1984-இல் நடந்த மதிப்பீட்டில் இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறை வகுப்புகளே முந்தின; கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் திட்ட வகுப்புகள் முந்தின. ஐயங்கள் முற்றிலும் தீர்ந்துவிட்டன எனக் கூற இயலாது. எனினும், மேலே கூறிய குறையையுடைய நம் மாணவருக்கு இம்முடிவு மிகவும் பொருந்துவதாகும்.

இன்று அயல்நாட்டுப் பள்ளிகள் பல தம் விளம்பர ஏடுகளில் பெருமையுடன் குறிப்பிடும் 'பணிவழிக் கற்பித்தல்' முறைக்கு இத்திட்டம் முன்னோடிகளுள் ஒன்று. ஆகவே, ஒரு நாள் பாடம் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் மாணவர் பேசும் நேரம் எவ்வளவு எனப் பள்ளியைக் கேட்கும் உரிமை பெங்களூரு மாணவருக்கு ஓரளவு கூடுதலாகவே உண்டு எனலாம். ஒரே தாய்மொழி பேசுவோர் நிறைந்த வகுப்பாயின், இடைவேளையில் ஆங்கிலம் மறைந்துவிடும் என்பதும் நினைவிற்குரியது.

ஏடுகளிலுள்ள எண்கள்

'வாரம் 20 பாடங்கள்' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கலாகாது. ஒரு பாடம் 45 நிமிடமாயின் அது 15 மணி நேரமே. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர் விசாவுக்குரிய ஆங்கிலப் படிப்பு வாரத்திற்கு 20 மணி நேரத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 18 மாணவர்களுக்கு மேல் கூடாது. பிரிட்டனில் ஆறு முதல் பதினொரு மாதம் வரையிலான ஆங்கிலப் படிப்புக்கெனத் தனி விசா உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கே அது வழங்கப்படும்; அதைக்கொண்டு வேலை பார்க்கவோ, அங்கிருந்தபடியே காலத்தை நீட்டிக்கவோ இயலாது. பகுதிநேர வேலையில் செலவை ஈடுகட்டலாம் என எண்ணிக் கடன் வாங்குவோர் இதை முதலில் அறிதல் வேண்டும்.

பள்ளி மூடப்பட்டால்?

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானிய நிறுவனமான ஜியோஸ் ஆஸ்திரேலியாவில் நடத்திவந்த எட்டுக் கல்லூரிகள் திடீரென மூடப்பட்டன. ஏறத்தாழ 2,300 மாணவர்கள் வகுப்பிழந்தனர். இத்தகைய அனுபவங்களுக்குப் பின் 2012-இல் அந்நாட்டு அரசு கட்டணப் பாதுகாப்புப் பணியை ஏற்படுத்தியது. பள்ளி கைவிட்டால் மாணவருக்கு மாற்று இடமோ, பயிலாத காலத்துக்குரிய கட்டணமோ கிடைக்க அது வழிசெய்கிறது. இத்தகைய ஏற்பாடு தாம் செல்லும் நாட்டில் உண்டா என்பதைப் பெற்றோர் விசாரித்தறிதல் நலம். பள்ளியின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்பதை முகவர் காட்டும் நகலில் அன்றி, அந்நாட்டு அதிகாரபூர்வ இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். நமது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போரைக் கருதி இயற்றப்பட்டது; படிப்புக்கு மாணவரை அனுப்புவோரைக் கருதி அன்று. முகவர் பெரும்பாலும் பள்ளியிடமிருந்தே தரகு பெறுகிறார். எனவே, எந்தெந்தப் பள்ளிகள் அவருக்குத் தரகு தருகின்றன என வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. கட்டணத்தை முகவரின் கணக்கில் செலுத்தாது, வங்கி வழியாகப் பள்ளியின் பெயருக்கே அனுப்புதல் வேண்டும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு தொகை, எத்தனை நாட்களில் திரும்பும் என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்பே பள்ளியிடமிருந்து எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.