உழவு இயந்திரப் பெட்டிக்குத் தனியாக ஒரு பற்றறி

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடம்விட்டு இடம் நகர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாக இருந்தது. இன்றும் தூரத்து வயலில் காவலிருப்போர் இரவைப் பெட்டியில் கழிப்பதுண்டு. வெளிச்சத்துக்காக இயந்திரத்தின் பற்றறியிலிருந்தே வயர் இழுத்து மின்குமிழ் எரிப்பார்கள். விடிந்ததும் இயந்திரம் ஸ்ராட் ஆகாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய நாளில் இது சிறிய விடயமல்ல.

இதற்கு வழி, பெட்டியில் தனியாக ஒரு 12 வோல்ற் பற்றறி வைத்து, இயந்திரம் ஓடும்போது அதற்கும் சார்ஜ் ஏற்றுவதாகும். இதில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, துருசு. இரண்டு பற்றறிகளையும் நேரே தொடுத்துவிட்டால், இரவில் ஒன்றுடன் மற்றதும் வடிந்துவிடும். ஆகவே நடுவில் ஒரு றிலே வேண்டும். டைனமோ சார்ஜ் கொடுக்கும்போது இணைந்து, இயந்திரம் நின்றபின் தானே பிரியும் றிலேயே நல்லது. குளத்துத் துருசைப் போல, வேண்டிய நேரத்தில் மாத்திரம் அது திறக்கும்.

இரண்டாவது, வாய்க்கால். ஒடுங்கிய வாய்க்காலில் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. 6 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால், 10 அம்பியர் ஓடும்போது போக வர ஏறக்குறைய 0.9 வோல்ற் குறையும். டைனமோ 14.2 வோல்ற் கொடுத்தாலும் பெட்டிக்கு 13.3 தான் கிடைக்கும். பற்றறி நிறைய நெடுநேரமாகும். 10 சதுர மில்லிமீற்றர் வயரில் குறைவது ஏறக்குறைய 0.2 வோல்ற் மாத்திரமே. மறைமுனைக்கும் அதே தடிப்பில் தனி வயர் போடுங்கள். பெட்டியைக் கொழுவும் இரும்பு ஆணியை நம்ப வேண்டாம். துருவும் சேறும் மின்னைத் தடுக்கும்.

மூன்றாவது, பியூஸ். நேர்முனை வயரில் இரு பற்றறிகளின் அருகிலும் ஒவ்வொரு 30 அம்பியர் பியூஸ் வேண்டும். வயர் நடுவில் உரசி வெட்டுப்பட்டால் இரு பக்கத்திலிருந்தும் மின் பாயும்; ஒரு பியூஸ் போதாது. எல்லா வேலையும் முடிந்த பின்னரே பியூஸைப் போடுங்கள்.

நான்காவது, காற்று. சார்ஜ் ஏறும்போது பற்றறியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அதைக் காற்றோட்டமான இடத்தில் இறுகக் கட்டி வையுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்திலோ, குப்பிவிளக்கின் அருகிலோ வைக்க வேண்டாம்.

5 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் 5 மணித்தியாலம் எரிய ஏறக்குறைய 2 அம்பியர் மணிதான் செலவாகும். ஒரு மணித்தியால ஓட்டத்திலேயே அதன் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். நிறைந்த பற்றறி, ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்க விடாதீர்கள், பற்றறியின் ஆயுள் குறையும்.

வயரிங் பழக்கமில்லாதவர்கள் வாகன மின்வேலை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துச் செய்யுங்கள். இரவில் வெளிச்சமும் இருக்கும். காலையில் இயந்திரமும் ஸ்ராட் ஆகும்.