2090 மைக்ரோகிராம் நிறையவா, கம்மியா? எந்த டேட்டாபேஸைக் கேட்கிறீங்க?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கப் போறோம்: 2090.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல என்ன நடந்ததுன்னு நம்ம ஏரியாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கப்பல்ல இருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோட ஜனங்க வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தாங்க, பல பேர் ஆஸ்பத்திரில சேர்க்கப்பட்டாங்க. அடுத்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு குறிப்பு வெளியிட்டது. ஆலை கேட் பக்கத்துக் காத்துல அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல் தண்ணியில லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

இப்போ நீங்க ஒரு டெவலப்பர்னு வெச்சுக்குவோம். திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிறவங்களுக்கு அமோனியா அலர்ட் அனுப்புற ஒரு சின்ன ஆப் எழுதணும். கோட் ஒரு வீக்கெண்ட்ல முடிஞ்சிடும். "இந்த அளவைத் தாண்டினா சிவப்பு" அப்படின்னு ஒரு வரி எழுதுவீங்க இல்லையா, அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பீங்க? அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

முதல்ல யூனிட். நம்ம ஊர் காற்றுத் தரவு மைக்ரோகிராம்ல வரும். ஆபத்து அளவுகள் பெரும்பாலும் பிபிஎம்ல, அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு இருக்கும். மாத்தணும்னா அமோனியாவோட மூலக்கூறு எடை வேணும், 17.03. 25 டிகிரி செல்சியஸ்ல 1 பிபிஎம் என்பது கிட்டத்தட்ட 696 மைக்ரோகிராம். ஆக 2090 மைக்ரோகிராம் என்பது சுமார் 3 பிபிஎம்.

இப்போ இந்த 3 பிபிஎம்மை நாலு அளவுகோலோட ஒப்பிட்டுப் பாருங்க. 2009 தேசிய காற்றுத் தர அளவுப்படி வரம்பு 400, அதாவது அஞ்சு மடங்கு அதிகம். இந்திய ஏக்யூஐ அட்டவணைல அமோனியா 1800ஐத் தாண்டினாலே கடைசிப் படி, "கடுமை". ஆனா சம்பவம் நடந்தப்போ அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட இரண்டாவது அட்டவணையைத் திறந்தா, தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம்னு சொல்ற அளவு 25 பிபிஎம். அதுல எட்டுல ஒரு பங்குதான் இது. அமெரிக்காவோட ஏஇஜிஎல் அளவுகள்ல முதல் படியே 30 பிபிஎம். பத்துல ஒரு பங்கு.

அதாவது ஒரே ரீடிங்கை வெச்சு "அஞ்சு மடங்கு ஆபத்து"ன்னும் தலைப்பு போடலாம், "பயப்பட ஒண்ணுமே இல்லை"ன்னும் அறிக்கை விடலாம். ரெண்டு பேரும் எண்ணைப் பொய்யா சொல்லலை. எந்த அட்டவணைன்னு மட்டும் சொல்லாம விட்டுட்டாங்க.

வித்தியாசம் எங்கே? 400 என்பதும் ஏக்யூஐ படிகளும் 24 மணி நேர சராசரிக்கு. 25 என்பது வேலை பார்க்கிற வயசுல இருக்கிற தொழிலாளிக்கு, ஒரு ஷிஃப்ட்டுக்கு. ஏஇஜிஎல் பொதுமக்களுக்கு, விபத்து நேரத்துக்கு, 10 நிமிஷத்துல இருந்து 8 மணி நேரம் வரைக்கும் தனித்தனியா. அதோட ரெண்டாவது படி, தப்பிச்சு ஓடுறதே கஷ்டம்ங்கிற அளவு, 10 நிமிஷத்துக்கு 220 பிபிஎம், ஒரு மணி நேரத்துக்கு 160. அதனால யூனிட், எவ்வளவு நேரம், யாருக்கு, இந்த மூணும் ஒட்டாத எண்ணை உங்க ஆப்ல போடாதீங்க.

இங்கே இன்னொரு விஷயம். வெறும் 3 பிபிஎம்ல இத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை வராதுன்னுதான் இந்த அட்டவணைகள் சொல்லுது. ஆனா போனாங்க. அதனால அட்டவணை தப்புன்னோ ஜனங்க நடிச்சாங்கன்னோ ஆகாது. 2090 என்பது ஒரு இடத்துல, ஒரு நேரத்துல எடுத்த அளவு. கசிவு உச்சத்துல இருந்தப்போ குப்பத்து வீட்டுக்குள்ள எவ்வளவு இருந்ததுன்னு அந்த எண் சொல்லாது. ஒழுங்கான ரெஃபரன்ஸ் டேட்டா கையில இருந்தா, "அப்போ உச்சகட்ட ரீடிங் எங்கே?"ன்னு நம்மளே கேட்கலாம்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். போரடிக்கும்னு நினைச்சு நம்மாளுங்க தாண்டிப் போற பகுதி இதுதான்.

ஒரு தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. அமோனியா மைனஸ் 33 டிகிரில கொதிக்கும்ங்கிறதுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா அதுமாதிரி பல்லாயிரம் எண்களைத் தேடி, சரிபார்த்து, வரிசைப்படுத்தின தொகுப்புக்கு உரிமை இருக்கலாம். நம்ம 1957 காப்புரிமைச் சட்டமே தொகுப்புகளையும் கம்ப்யூட்டர் டேட்டாபேஸையும் "இலக்கியப் படைப்பு"ங்கிற வரையறைக்குள்ள கொண்டு வருது. ஆமா, உங்க எஸ்க்யூஎல் டேபிளும் இலக்கியம்தான். சும்மா உழைச்சு அடுக்கினா மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்த யோசனை வேணும்னு 2007ல ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அமெரிக்க அரசாங்கம் தயாரிச்சது எல்லாமே ஃப்ரீன்னு ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் உண்மை. ஆனா நிஸ்ட்னு சொல்ற அவங்க தர நிர்ணய நிறுவனத்துக்கு, 1968ல வந்த ஒரு சட்டம் விதிவிலக்கு கொடுத்திருக்கு. தரமான ரெஃபரன்ஸ் டேட்டாவுக்கு அவங்க காப்புரிமை வாங்கலாம், விக்கவும் செய்யலாம். அதனாலதான் கெமிஸ்ட்ரி வெப்புக்கை யார் வேணும்னாலும் காசில்லாம பார்க்கலாம், ஆனா மொத்தமா ஸ்க்ரேப் பண்ணி உங்க ஆப்ல வெச்சுக்க முடியாது. ரெஃப்ப்ராப் மென்பொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். அந்தக் காசு இல்லாதவங்களுக்கு கூல்ப்ராப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, எம்ஐடி லைசென்ஸ், பைதான்ல ஓடும். அமோனியாவும் அதுல உண்டு.

ஆபத்து அளவுகள்லயும் இதே கதைதான். ஏசிஜிஐஎச் அமைப்போட அமோனியா வரம்பு 25 பிபிஎம். அந்தப் புத்தகம் விலைக்கு. அட்டவணையை எடுத்துப் போடணும்னா அனுமதி வேணும். அதே 25, நியோஷ் பாக்கெட் கைடுல இலவசமா இருக்கு. நான் சொன்ன நம்ம தொழிற்சாலைகள் சட்டத்துலயும் இருக்கு. காசு கொடுத்து வாங்கறதுக்கு முன்னாடி அரசிதழைப் புரட்டிப் பாருங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். (சட்டத்தை மறுபடி அச்சிடலாம், ஆனா கூடவே விளக்கமோ சொந்தச் சரக்கோ இருக்கணும்னு நம்ம காப்புரிமைச் சட்டம் ஒரு நிபந்தனை போடுது. வேடிக்கையா இல்ல?)

மணலிலயும் ராயபுரத்துலயும் இருக்கிற காற்று நிலையங்களோட டேட்டா? இந்தியாவுக்கு 2017ல இருந்து அரசு திறந்த தரவு உரிமம்னு ஒண்ணு இருக்கு. அந்த உரிமத்துல வெளியான தரவை வியாபாரத்துக்கே பயன்படுத்தலாம். யார் கொடுத்தாங்க, எங்கிருந்து, எந்த உரிமம்னு சொல்லணும், அரசாங்கமே உங்க ஆப்பை ஆதரிக்கிற மாதிரி காட்டிக்கக் கூடாது. ஆனா ஒரு அரசு வெப்சைட்ல லைசென்ஸே போடாம ஒரு கிராஃப் இருந்தா, அது ஃப்ரீன்னு அர்த்தம் இல்ல. லைசென்ஸ் ஃபைல் இல்லாத கிட்ஹப் ரெப்போவை எடுத்து ஆபீஸ் ப்ராஜெக்ட்ல போடுவீங்களா? அதே மாதிரிதான்.

சைட் பண்றது எப்படி? "இணையத்தில் இருந்து"ன்னு போட்டா ஒண்ணும் போடாததுக்குச் சமம். வெப்புக்னா தொகுப்பாசிரியர்கள் லின்ஸ்ட்ராம், மல்லார்ட், டேட்டாபேஸ் எண் 69, டி.ஓ.ஐ.; நீங்க பார்த்த தேதி. தேதி ஏன்னா, இந்த எண்கள் திருத்தப்படும். டேட்டாபேஸோட சேர்த்து மூலக் கட்டுரையையும் சொல்லணும். வெப்புக்ல ஒரே பண்புக்கு நாலஞ்சு ஆராய்ச்சியாளர்களோட மதிப்பு வரிசையா இருக்கும், நீங்க எடுத்தது யாரோடதுன்னு அப்பதான் தெரியும். ஏஇஜிஎல்னா அமோனியா இருக்கிறது 2008ல வந்த ஆறாவது தொகுதியில. எந்தப் படி, எத்தனை நிமிஷம்னும் எழுதணும்.

கடைசியா, எந்த டேட்டாபேஸ்லயும் இல்லாத ரீடிங்குக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல தமிழ்நாட்டுல 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும், உயிர் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். மனுல "அமோனியா விவரம் வேண்டும்"னு எழுதாதீங்க. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், எந்தக் கருவி, எத்தனை நிமிஷ சராசரி, இதெல்லாம் கேளுங்க. வர்ற பதில்ல இருக்கிற கடித எண்ணும் தேதியும்தான் உங்க சைட்டேஷன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.