47 வயதில் ஒரு வீடு

ஒரே தெரு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு அடுக்குமாடி வீடுகள். ஒன்று மட்டும் மலிவு. காரணம் கேட்டால் ஜப்பானியத் தரகர் ஒரு தேதியைச் சொல்வார்: 1981 ஜூன் 1. புதிய நிலநடுக்க விதிகள் நடைமுறைக்கு வந்த நாள். அனுமதி முத்திரை விழுந்தது அதற்கு முன்பா, பின்பா என்று பார்க்க வேண்டும். கட்டி முடித்த ஆண்டை நம்பினால் ஏமாந்துபோவோம். 1982இல் குடிபுகுந்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி எழுந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட கான்கிரீட் குடியிருப்பை அங்கே ‘மன்ஷன்’ என்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குச் சிரிப்பு வரும்.

விதி மாறியதன் கதை தூணுக்குள் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை, முன்பெல்லாம் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் போதும். பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு வெறும் இடைவெளி. பூமி பக்கவாட்டில் உலுக்கியபோது அந்த இடைவெளியில் தூண் குறுக்காக வெட்டுப்பட்டது. உள்ளிருந்த கான்கிரீட் நொறுங்கிக் கொட்டியது. 1968 டொகாச்சி நிலநடுக்கத்தில் இதைப் பார்த்தவர்கள் 1971இல் ரிங்குகளை நெருக்கினார்கள். 1978இல் மியாகி குலுங்கியது. அதன் பிறகு வந்ததுதான் 1981 விதி. பெரும் அதிர்ச்சியில் கட்டடம் பாழானாலும் பரவாயில்லை, இடிந்து விழாமல் உள்ளே இருப்பவரை உயிரோடு விட வேண்டும் என்பது அதன் கணக்கு. 1995இல் கோபே நகரம் அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தது. மோசமாகச் சேதமானவற்றில் பெரும்பாலானவை பழைய விதிக் கட்டடங்கள்.

நிலம் அசையாவிட்டாலும் காற்று சும்மா இருப்பதில்லை. புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதுதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடித்துப் பெயரும்.

வரிச் சட்டம் இத்தகைய வீட்டுக்கு 47 ஆண்டு ஆயுள் எழுதியிருக்கிறது. அது தேய்மானக் கணக்குக்கான எண். 48ஆம் ஆண்டில் எதுவும் இடிந்துவிடாது. அந்த வயதைத் தாண்டிய வீட்டை வாங்கி வாடகைக்கு விடுபவர், கட்டடத்துக்கான விலையை 9 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். கிழட்டு வீட்டின் மீது முதலீட்டாளருக்குக் காதல் பிறப்பது இங்கேதான்.

ஆனால் கம்பியைக் காப்பாற்றுவது உரிமையாளர் சங்கத்தின் கஜானா. மாதாமாதம் எல்லோரும் கட்டும் பழுதுபார்ப்பு நிதியில்தான், 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி விரிசல் அடைப்பார்கள். வீட்டைப் பார்க்கும் முன் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பேன் நான்.

நீகாட்டாவின் பனிச்சறுக்கு ஊரான யுசாவாவில், ஜப்பானில் பணம் கொழித்த நாட்களில் எழுந்த விடுமுறைக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் 1981க்குப் பிந்தையவை. வெந்நீர்க் குளியல்கூட உண்டு. அவற்றில் சில வீடுகள் வெறும் 1 லட்சம் யென்னுக்கு விற்பனைக்கு வந்திருக்கின்றன. போனாலும் போகாவிட்டாலும் மாதாந்தரக் கட்டணம் உண்டு. முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கியையும், சட்டப்படி, வாங்கியவரிடம் சங்கம் கேட்கலாம்.