துறைமுகத்திலிருந்து விமான நிலையத்துக்கு: இரு முனையங்களை இணைக்கும் பயணம்

க.பொ.த (சாதாரண தரம்) – வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்
பாடப்பகுதி: போக்குவரத்து



போக்குவரத்தின் மூலக்கூறுகள் யாவை என்று கேட்டால் பாதை, ஊர்தி, உந்துசக்தி, முனையம் என்று நான்கையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவீர்கள். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, "இப்பயணி ஒரு முனையத்தில் இறங்கி மற்றைய முனையத்தை உரிய நேரத்தில் அடைவதற்கு எவ்வொழுங்குகள் செய்யப்பட வேண்டும்?" என்று கேட்டால் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் காண்கிறேன். ஆகவே இங்கு ஒரேயொரு உதாரணத்தை எடுத்து முழுமையாக நோக்குவோம். சொகுசுக் கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் நால்வர் கொண்ட குடும்பமொன்று, அன்றைய தினமே கட்டுநாயக்கவில் விமானம் ஏற வேண்டும். சுற்றுலாத் துறையினர் இத்தகைய ஒழுங்கை "ட்ரான்ஸ்பர்" என்பர். நாம் இதனை இணைப்புப் பயணம் என்று குறிப்பிடுவோம்.

யாருக்கு இது தேவை?

சொகுசுக் கப்பலில் வரும் எல்லோரும் விமான நிலையம் செல்வதில்லை. கொழும்புக்கு வரும் இவ்வகைக் கப்பல்களில் பெரும்பாலானவை பகல் முழுவதும் தரித்து நின்றுவிட்டு மாலையில் புறப்பட்டுவிடும். பயணிகள் இறங்கி நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே கப்பலில் ஏறி அடுத்த துறைமுகத்துக்குச் செல்வர். 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களில் தரித்துச் சென்றதும் இவ்வாறுதான். அப்பயணிகளுக்குத் தேவைப்பட்டது சுற்றுலா பஸ்ஸே.

பயணத்தை ஒரு துறைமுகத்தில் ஆரம்பிப்பவருக்கும் முடிப்பவருக்குமே இணைப்புப் பயணம் தேவைப்படும். கப்பலில் தொழில் புரிபவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பும் கப்பல் ஊழியருக்கும் இதே கணக்குத்தான்.

தூரம் ஏமாற்றும்

கொழும்புத் துறைமுகத்துக்கும் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். 2013 ஒக்டோபர் 27 ஆம் திகதி திறக்கப்பட்ட கொழும்பு – கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 25.8 கிலோமீற்றர் நீளமானது. அதற்கு முன்னர் எல்லோரும் வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவை வழியாகச் செல்லும் பழைய நீர்கொழும்பு வீதியையே நம்பியிருந்தனர்.

அந்த வீதி எங்கள் குடும்பத்துக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. 2011 இல் என் பெரியம்மாவின் மகன் கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்டார். வெளிநாடு போகும் ஒருவரை வழியனுப்ப ஊரே வானில் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து முதல்நாளே வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினோம். விமானம் காலை 11.00 மணிக்கு. "ஒன்றரை மணித்தியாலம் தாராளம்" என்று பெரியவர்கள் தீர்மானித்து, காலை 8.00 மணிக்கு வானை வரச் சொன்னார்கள். பாடசாலை, அலுவலக நேர நெரிசல்; போதாததற்கு மழை. விமான நிலையத்தை அடைந்தபோது 10.10. பயணச்சீட்டுப் பரிசீலிக்கும் கருமபீடம் பத்து நிமிடங்களுக்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. அண்ணாவின் பயணச்சீட்டை மாற்ற மீண்டும் பணம் கட்ட வேண்டியிருந்தது. பெரியம்மா அழ, பெரியப்பா சாரதியின் மீது பாய்ந்தார். அந்த மனிதர் அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் சொன்ன நேரத்துக்கு நான் வந்தனான்தானே ஐயா."

அவர் சொன்னது சரி. சாரதி ஒப்பந்தப்படி சேவையை வழங்கிவிட்டார். பிழை நேரத்தைக் கணித்தவர்களுடையது. எல்லோரும் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டார்களே தவிர, கருமபீடம் எப்போது மூடப்படும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதிவேக நெடுஞ்சாலை வந்தபின் நிலைமை பெருமளவு மாறிவிட்டது. ஆயினும் அந்நெடுஞ்சாலை ஆரம்பிப்பது பேலியகொடையில். துறைமுக வாயிலிலிருந்து அதுவரை கொள்கலன் லொறிகளுடன் சேர்ந்து நகர வேண்டிய வீதியை மறந்து கணக்குப் போடாதீர்கள்.

பின்னாலிருந்து கணக்கிடுதல்

இணைப்புப் பயணத்தின் நேரத்தை இறுதியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிக் கணிப்பதே சிறந்த முறை. எமது உதாரணக் குடும்பத்தின் விமானம் பி.ப. 1.30 க்குப் புறப்படுகிறது, கப்பல் மு.ப. 7.00 மணிக்குக் கரை சேர்கிறது என்று கொள்வோம்.

சர்வதேச விமானப் பயணிகள் மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் வருமாறு அறிவுறுத்தப்படுவர். எனவே விமான நிலையத்தில் இருக்க வேண்டிய நேரம் மு.ப. 10.30. வீதியில் 45 நிமிடம். நெரிசலுக்கென ஒதுக்கும் மேலதிக நேரம் இன்னும் 45 நிமிடம். ஆகவே துறைமுகத்திலிருந்து மு.ப. 9.00 மணிக்குப் புறப்பட வேண்டும். கப்பலிலிருந்து வெளியேற 2 மணித்தியாலங்கள் என்று கொண்டால் மு.ப. 7.00 மணிக்கு வந்து நிற்கிறோம். கணக்குச் சரி.

"கப்பல் கரை சேர்ந்தால் இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலமா?" என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். கப்பல் கட்டப்பட்டவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. முதலில் சுகாதார, குடிவரவு, சுங்க அதிகாரிகளின் அனுமதி கிடைக்க வேண்டும். பின்னர் பயணிகள் குழு குழுவாக அழைக்கப்படுவர். பெரிய பயணப் பொதிகளை முதல்நாள் இரவே நிறச்சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிடுவது வழக்கம். அவை கரையில் நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். உரியவர் தேடி எடுக்க வேண்டும். தம் பொதிகளைத் தாமே சுமந்து இறங்க முன்வருபவர்களை முதலில் இறங்க அனுமதிக்கும் கப்பல்களும் உண்டு. கடவுச்சீட்டையும் மருந்தையும் வாசலில் வைக்கும் பொதிக்குள் போட்டுவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு!

இப்போது கப்பல் ஒரு மணித்தியாலம் தாமதித்தால்? விமான நிலையத்தை அடைவது 11.30. கருமபீடம் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர், அதாவது 12.30 க்கு மூடப்படுகிறது என்று கொண்டால் இன்னமும் ஒரு மணித்தியாலம் கையிலிருக்கிறது. மேலதிகமாக ஒதுக்கிய 45 நிமிடமும் தேவைப்படாவிட்டால் நிலைமை மேலும் நல்லது.

இதே குடும்பம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மு.ப. 10.30 விமானத்தைத் தெரிவு செய்திருந்தால்? கருமபீடம் 9.30 க்கு மூடப்படும். 9.00 மணிக்குத் துறைமுகத்தை விட்டு, எந்த நெரிசலுமின்றி வந்தாலும் 9.45. கப்பல் ஒரு நிமிடமும் தாமதிக்காதபோதே விமானம் கைவிட்டுப் போய்விடுகிறது. கப்பல் பயணம் முடியும் நாளில் நண்பகலுக்குப் பின்னர் புறப்படும் விமானத்தையே தெரிவு செய்யுமாறு கப்பல் நிறுவனங்கள் பொதுவாக அறிவுறுத்துவதன் காரணம் இதுவே.

எதிர்த் திசையில் செல்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். விமானத்தில் வந்து கப்பல் ஏறுபவர் பிந்தினால் கப்பல் காத்திராது. அடுத்த துறைமுகம் பெரும்பாலும் வேறொரு நாட்டில் இருக்கும். அங்கு போய்ப் பிடிப்பதற்கு இன்னொரு விமானச்சீட்டும், சில வேளைகளில் வீசாவும் வேண்டும். ஆகவே முதல்நாளே வந்து ஹோட்டலில் தங்குவது வீண்செலவு அன்று.

எந்த ஊர்தி? எவ்வளவு செலவு?

நால்வருக்கு ஒரு கார் போதும் என்று எழுதிவிடாதீர்கள். நால்வருடன் எட்டுப் பயணப் பொதிகள் வருகின்றன. ஆட்களை எண்ணுவது போல் பொதிகளையும் எண்ணிய பின்னரே ஊர்தியைத் தீர்மானிக்க வேண்டும். முச்சக்கர வண்டி மலிவுதான். ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் அதற்கு அனுமதியில்லை. புறக்கோட்டையிலிருந்து விமான நிலையம் செல்லும் 187 ஆம் இலக்க பஸ் எல்லாவற்றிலும் மலிவு. கைப்பை ஒன்றுடன் வரும் இளைஞருக்கு அது பொருந்தும். எட்டுப் பொதிகளுடன் வரும் குடும்பத்துக்குப் பொருந்தாது. துறைமுகம் பாதுகாப்புக்குட்பட்ட பிரதேசம் என்பதால் வெளி வாகனங்கள் நினைத்தபடி உள்ளே செல்ல முடியாது. எந்த வாயிலில் சந்திப்பது என்று சாரதியுடன் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

செலவை ஒப்பிடுவோம். பின்வரும் தொகைகள் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை. கப்பல் நிறுவனம் ஒழுங்கு செய்யும் பஸ்ஸுக்கு ஒருவருக்கு ரூபா 5,000. வெளியில் அமர்த்தும் வானுக்கு மொத்தமாக ரூபா 14,000. முதல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தால் மணித்தியாலத்துக்கு ரூபா 1,500. நால்வருக்கு பஸ் செலவு ரூபா 20,000. கப்பல் இரண்டு மணித்தியாலம் பிந்தி, வான் காத்திருந்தாலும் ரூபா 15,500 தான். வான் இலாபம். ஆனால் இருவர் மட்டும் பயணம் செய்தால் பஸ் ரூபா 10,000. வான் அதே ரூபா 14,000. வானின் கட்டணம் ஆட்தொகையுடன் மாறாதது, பஸ்ஸின் கட்டணம் ஆட்தொகையுடன் மாறுவது என்பதைக் கவனித்தீர்களா? விடையில் இதைக் காட்டினால் வெறுமனே "வான் மலிவு" என்று எழுதியவரிலிருந்து நீங்கள் வேறுபடுவீர்கள்.

பணத்துடன் இன்னொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தாமதத்தின் நட்டத்தை யார் தாங்குவது? கப்பல் நிறுவனத்தின் பஸ் தன் கப்பலின் தாமதத்தை அறியும். பயணிகள் இறங்கும்வரை நிற்கும். வான்காரருக்கு நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். விமானச்சீட்டையும் கப்பல் நிறுவனத்தின் ஊடாகவே பெற்றிருந்தால் மாற்று விமானம் தேட அது உதவக்கூடும். தனியாக வாங்கியிருந்தால் அந்த நட்டம் பெரும்பாலும் பயணியின் தலையிலேயே விழும். இங்குதான் காப்புறுதிப் பாடம் நினைவுக்கு வர வேண்டும். இணைப்பு தவறுவதால் ஏற்படும் நட்டத்தை ஏற்கும் பயணக் காப்புறுதிகள் உள்ளன; ஆனால் இரு பயணங்களுக்கும் இடையில் குறிப்பிட்ட நேரம் விடப்பட்டிருக்க வேண்டும் என்று சில பத்திரங்கள் நிபந்தனை விதிக்கும். நேரத்தைக் குறைத்துவிட்டுக் காப்புறுதியை நம்புவது, கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பூட்டு வாங்கியதைப் போன்றது.

பெயரும் கடிகாரமும்

துறைமுகத்தின் பெயரை நம்பி ஏமாறுபவர்கள் பலர். "ரோம்" என்று விளம்பரப்படுத்தப்படும் கப்பல்கள் தரிப்பது நகரிலிருந்து 70 கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள சிவிற்றாவெக்கியா துறைமுகத்தில். "லண்டன்" என்று விளம்பரப்படுத்தப்படும் பல கப்பல்கள் புறப்படுவது சவுதாம்ப்டனில்; அங்கிருந்து ஹீத்ரோ விமான நிலையம் 100 கிலோமீற்றருக்கும் அதிகம். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. கொழும்பிலும் கவனம் தேவை: நகருக்குத் தெற்கே இரத்மலானையில் இன்னொரு விமான நிலையம் இருக்கிறது.

கடிகாரமும் அப்படியே. மாலைதீவின் நேரம் எமது நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தியது. மாலேயிலிருந்து வருபவர் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தால், மேலே பாடுபட்டு ஒதுக்கிய நேரத்தில் அரை மணித்தியாலம் தெரியாமலே போய்விடும்.

எங்கள் வடக்கையும் பார்ப்போம். 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை ஆரம்பமானது. இரு முனையங்களுக்கும் இடையில் சில கிலோமீற்றர் தூரமே. ஆனால் கட்டுநாயக்கவைப் போல அடுத்தடுத்து விமானங்கள் பலாலியில் இல்லை. தவறவிட்டால் காத்திருக்கும் காலம் நீளும். ஆகவே கிட்டிய முனையம் என்பதால் மேலதிக நேரம் தேவையில்லை என்று எழுதுவது பிழையான விடையாகும்.

பயிற்சி

கொழும்பிலிருந்து பி.ப. 5.00 மணிக்குப் புறப்படும் சொகுசுக் கப்பலின் பயணிகள் பதிவு பி.ப. 3.30 க்கு முடிவடைகிறது. திருமதி கமலாவும் கணவரும் அன்றே பி.ப. 12.15 க்குக் கட்டுநாயக்கவில் வந்திறங்குகின்றனர். குடிவரவுக்கும் பொதிகளைப் பெறவும் ஒன்றரை மணித்தியாலம், வீதியில் 45 நிமிடம், மேலதிகமாக 45 நிமிடம் எனக் கொள்க.

(அ) அவர்கள் துறைமுகத்தை அடையும் நேரத்தைக் கணிக்க.
(ஆ) விமானம் ஒரு மணித்தியாலம் தாமதித்தால், மேலதிக நேரத்தில் எத்தனை நிமிடம் மிஞ்சும்?
(இ) இவ்விமானத்தைத் தெரிவு செய்வதை நீங்கள் சிபாரிசு செய்வீர்களா? காரணம் தருக.

(இ) பகுதிக்கு "ஆம்", "இல்லை" இரண்டில் எதையும் எழுதலாம். (ஆ) இல் கிடைத்த எண்ணை வைத்துக் காரணம் காட்டுங்கள்.